அழாத கண்ணின் நீர்

"தண்ணி கொட்டுறது இந்தக் கண்ணுல தாயி. அது நல்ல கண்ணு. அழுகாத கண்ணுல எப்படிக் கண்ணீர் எடுப்பீக?"

கதிரடிக்கும்போது வலக்கண்ணில் நெல் உமி தெறித்து, ஆறாம் நாள் எங்கள் மருத்துவமனைக்கு வந்த பெரியவர் கேட்டது இது. மெல்லிய கண்ணாடிக் குழலை நான் அவருடைய இடக்கண்ணருகே கொண்டுபோயிருந்தேன். வலக்கண் சிவந்து வீங்கி, இமை திறக்க முடியாமல் நீர் வடித்துக்கொண்டிருந்தது. கருவிழியில் சாம்பல் படர்ந்த வெள்ளைப் புண். அந்தக் கண்ணில் நீர் எடுப்பது அவருக்குப் புரிந்தது. நல்ல கண்ணை ஏன் தொந்தரவு செய்கிறேன் என்பதுதான் புரியவில்லை.

கண் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் கண்ணீர் எடுப்பதும், அதிலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்ப்பதும் என் வேலை. பதினான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தொழிலின் மையத்தைத் தொட்ட கேள்வி அவருடையதுதான். எனக்கு வேண்டியது அழாத கண்ணின் நீர்தான். அழும் கண்ணிலிருந்து எவரும் எடுத்துவிடலாம்.

திறந்திருக்கும் ஒவ்வொரு கண்ணின் மேலும் எப்போதும் ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய மூன்று மைக்ரோமீட்டர். தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஒரு கண்ணில் நிற்கும் மொத்தக் கண்ணீர் ஏழு மைக்ரோலிட்டர் அளவுதான். சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரே சொட்டு இதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கும். அதனால்தான் மருந்து விட்டதும் பாதி கன்னத்தில் வழிகிறது. இந்த ஏழில் ஐந்து மைக்ரோலிட்டரை, கண்ணுக்கே தெரியாமல் எடுக்க வேண்டும். கண் உணர்ந்துவிட்டால் சுரப்பி திறந்துகொள்ளும்; நான் தேடிவந்த நீரைப் புது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்.

என் அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுவேன். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் படாதபடி நாற்காலியைப் போட்டிருக்கிறேன். ஸ்லிட் லேம்ப் சோதனைக்கு முன்பே நோயாளி என்னிடம் வந்துவிட வேண்டும். அந்த வெளிச்சத்தில் கூசிய கண் அரைமணி நேரமாவது அமைதிகொள்வதில்லை. மரத்துப்போகச் செய்யும் சொட்டு, மஞ்சள் சாயச் சொட்டு, எதுவும் அதற்கு முன் விடக்கூடாது. எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறேன். "அதைப் பார்த்துக்கிட்டே இருங்கய்யா" என்றால் பார்வை மேலே போகும், கீழிமை தானாகத் தளரும். சுண்டுவிரலைக் கன்னத்தெலும்பில் ஊன்றிக்கொண்டு, குழலின் நுனியைக் கடைக்கண்ணில், கீழிமை விளிம்பில் நிற்கும் நீர்க்கோட்டில் மட்டும் வைப்பேன். இமைமுடியைத் தொடக்கூடாது, வெண்படலத்தைத் தொடக்கூடாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல நீர் தானாகவே குழலுக்குள் ஏறும். உறிஞ்சவோ அழுத்தவோ வேண்டியதில்லை.

அமைதியான கண் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். எனவே ஐந்து மைக்ரோலிட்டருக்கு மூன்று நிமிடமாவது ஆக வேண்டும். அரை நிமிடத்தில் குழல் நிறைந்துவிட்டால் அது மிரண்ட கண்ணின் நீர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழல் சீக்கிரம் நிறைந்தால் மகிழ்ந்துபோவேன். இன்று அந்தக் குழலை ஒதுக்கி வைத்துவிட்டு, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த கண்ணுக்குப் போகிறேன். ஒவ்வொரு டியூபின் மேலும் எத்தனை நிமிடத்தில் எத்தனை மைக்ரோலிட்டர் என்று எழுதுவது எங்கள் ஆய்வகத்தில் கட்டாயம். அந்த எண் இல்லாத மாதிரியை நான் புரதம் பிரிக்கும் ஜெல்லில் ஏற்றுவதில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், கண்ணீரின் புரதங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. லைசோசைம், லாக்டோஃபெரின், லிப்போகலின் மூன்றும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து நீரோடு சேர்ந்தே வருகின்றன. நீர் பெருகினாலும் அவற்றின் அடர்த்தி பெரிதாக மாறாது. சுரப்பு ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்புரதம் அப்படியல்ல. அது ஒரே சீரான வேகத்தில் கசிந்துகொண்டிருக்கும். நீர் பெருகினால் கரைந்து நீர்த்துப்போகும். அல்புமின் இரத்தத்திலிருந்து, வெண்படலத்தின் நுண்குழாய்கள் வழியாகக் கசிவது. ஆரோக்கியமான கண்ணீரில் அது கொஞ்சமாகத்தான் இருக்கும். இந்த மூன்று போக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஒரு மாதிரியைப் பார்த்தே அது எடுக்கப்பட்ட விதத்தைச் சொல்லிவிடலாம். ஐ.ஜி.ஏ. குறைந்து லைசோசைம் குறையாமல் இருந்தால் கண் மிரண்டிருக்கிறது. நோயில்லாதவரின் மாதிரியில் அல்புமின் ஏறியிருந்தால் குழல் வெண்படலத்தைத் தீண்டியிருக்கிறது. நோயைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையின் குறையைத்தான் இந்தப் புரதங்கள் எனக்குக் காட்டித் தருகின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுத்தருவதும் இதுதான்.

நேரமும் முக்கியம். இரவு முழுக்க மூடியிருந்த கண் வேறொரு கண். தூக்கத்தில் சுரப்பி ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது, ஐ.ஜி.ஏ.வும் அல்புமினும் ஏறுகின்றன; இரத்த வெள்ளணுக்கள் கருவிழிமேல் வந்து இறங்குகின்றன. விழித்தவுடன் எடுத்த கண்ணீரைப் பார்த்தால், நல்ல கண்ணிலும் அழற்சி இருப்பதைப்போலத் தோன்றும். அதனால் காலை பத்து மணிக்கு முன்னால் நான் எடுப்பதில்லை. தொலைவிலிருந்து முதல் பேருந்தில் வந்து காத்திருப்பவர்களை மேலும் காக்க வைப்பது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதில் சமரசம் கிடையாது.

கண்ணீரின் புரதத்தைப் பற்றிய முதல் பெரிய செய்தி லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையிலிருந்து வந்தது. பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் லைசோசைமைப் பற்றி எழுதினார். மூக்குச் சளியில் முதலில் கண்ட அதை, கண்ணீரில் மிகுதியாகக் கண்டார். ஆய்வுக்குக் கண்ணீர் போதாமல், கூட வேலை செய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து எடுத்திருக்கிறார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை ஒப்புக்கொள்ளாது. அந்தக் கண்ணீர் எனக்குப் பயன்படவும் செய்யாது. முழுக்க மிரண்ட கண்ணின் நீர். ஆனால் லைசோசைம் சுரப்பியோடு சேர்ந்து வருவதால், அவருடைய கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது. எந்தக் கண்ணீர் எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

ஃபிளெமிங் பயன்படுத்திய அதே வகை மஞ்சள் நுண்ணுயிரை நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். அதைக் கரைத்த நீர் கஞ்சித்தெளிவைப்போல மங்கலாக இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் கண்ணீரை அதில் விட்டால், நுண்ணுயிரின் சுவரை லைசோசைம் அறுக்க அறுக்க, மங்கல் விலகி நீர் தெளிந்துவரும். ஒளிமானியில் எண்கள் இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

ஒருமுறை அது தெளியவே இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவரின் கண்ணீர் அது. பல வருடமாகக் கண்ணில் மணல் விழுந்ததைப்போல உறுத்தல். போகிற இடமெல்லாம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஷிர்மர் தாள் ஐந்து நிமிடத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் நனைந்தது. லைசோசைம் குறைவு, லாக்டோஃபெரினும் குறைவு. அதாவது நீர் ஆவியாகிப் போகும் சிக்கலைவிடச் சுரப்பியே வற்றும் சிக்கல். பேச்சுவாக்கில், "இட்லியைக்கூடத் தண்ணி குடிச்சுத்தான் முழுங்குறேன் மேடம்" என்றார். நான் முடிவை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போனேன். இரத்தச் சோதனையில் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பிகளைத் தாக்குவதைக் காட்டும் எதிர்ப்புரதம் இருந்தது. 1933இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் விவரித்த நோய். அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கண்ணோடு நின்றுவிடாத நோய் அது. மூட்டு, நுரையீரல், சிறுநீரகம் என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா இன்று மூட்டு மருத்துவரின் கவனிப்பில் இருக்கிறார்.

ஷிர்மர் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903இல் சொன்ன முறை. ஐந்து மில்லிமீட்டர் அகலமும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் நீளமும் உள்ள வடிதாள் துண்டின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது. எளிது, மலிவு, எந்த ஊரிலும் செய்யலாம். நனைந்த தாளை ஊறவைத்துப் புரதத்தையும் எடுக்கலாம். நுண்குழல் பிடிக்கத் தெரிந்த கைகள் குறைவு என்பதால் பல ஆய்வுகள் தாளையே நம்புகின்றன. ஆனால் தாள் வெண்படலத்தில் உரசும். உரசும்போது மேல்தோல் செல்கள் ஒட்டிக்கொண்டு வரும். செல்லுக்குள் இருக்கவேண்டிய புரதங்கள் கண்ணீர்ப் பட்டியலில் ஏறிவிடும். ஒரே கண்ணில் குழலால் எடுத்ததையும் தாளால் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு மனிதர்களுடையதோ என்று தோன்றும். தாளைக் குறை சொல்லவில்லை. கண்ணீர் வற்றியவர்களிடம் குழல் வைத்தால் ஒரு மைக்ரோலிட்டர்கூடக் கிடைக்காது, அங்கே தாள்தான் கதி. யாருடைய கண்ணீர் நமக்கு மிக அவசியமோ அவர்களிடம்தான் அது இல்லை. தாளில் எடுத்தால் தாளில் எடுத்ததோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். குழலில் எடுத்த ஆரோக்கியக் கண்ணீரையும் தாளில் எடுத்த நோய்க் கண்ணீரையும் ஒப்பிட்டுப் 'புதிய அடையாளம்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனம் கொதிக்கும்.

இனி அந்தப் பெரியவரிடம் வருகிறேன்.

இரண்டு கண்ணிலும் எடுத்தாயிற்று. நல்ல கண் எதற்கு என்றால், கண்ணீர் ஆளுக்கு ஆள் வேறுபடும். அவருக்கு எது இயல்பு என்பதை அவருடைய இன்னொரு கண்தான் சொல்லும். ஒரு கண்ணில் நோய் வந்தால் மறு கண்ணின் கண்ணீரும் சற்று மாறுகிறது என்பதால் அதையும் முழுக்க நம்பிவிட முடியாது. இருந்தாலும் ஊரார் கண்ணைவிட அது நெருங்கிய சாட்சி.

மறுநாள் ஜெல் ஓட்டினோம். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து நீலச்சாயம் ஏற்றும் முறை. ஆரோக்கியமான கண்ணீருக்கு அதில் ஒரு முகம் உண்டு. எண்பது கிலோடால்டன் அருகே லாக்டோஃபெரின், பதினெட்டு அருகே லிப்போகலின், பதினான்கில் லைசோசைம் என மூன்று அழுத்தமான பட்டைகள். அறுபத்தாறில் அல்புமின், மெல்லிய கீற்றாக. இடக்கண் மாதிரி அப்படியே இருந்தது. வலக்கண்ணில் அல்புமின் தடித்திருந்தது. புண்ணான கண்ணில் இரத்தக்குழாய்கள் கசிவதால் எதிர்பார்த்ததுதான். லைசோசைம் சற்று மங்கியிருந்தது. வியப்பு லாக்டோஃபெரினில். குறைந்திருக்க வேண்டிய அது இடக்கண்ணைவிடக் கூடுதலாக நின்றது. இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடையே, நான் அதுவரை எந்தக் கண்ணீரிலும் பார்த்திராத ஒரு பட்டையும் இருந்தது.

எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெள்ளணுக்களின் துகள்களிலும் லாக்டோஃபெரின் உண்டு. புண்ணை நோக்கி வந்து குவிந்த வெள்ளணுக்கள் அதைக் கொட்டியிருக்கின்றன என்று ஒரு விளக்கம் உடனே கிடைத்துவிட்டது. அந்தப் புதுப் பட்டை, வயல்வேலையில் இப்படி வரும் பூஞ்சைப் புண்ணுக்கே உரிய அடையாளமாக இருந்தால் எப்படி இருக்கும் என்றுகூடப் பேசிக்கொண்டோம். பட்டையை வெட்டி நிறை நிரல்மானிக்கு அனுப்பினோம். முடிவு வந்தது. கேசின். தாய்ப்பாலின் புரதம்.

வார்டுக்குப் போனேன். பெரியவரின் மகள் நான்கு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதும் சொல்லிவிட்டார். "வலி தாங்கலைன்னு துடிச்சாரு அக்கா. வராண்டாவுல உங்க ரூமுக்கு வெளிய உக்காந்திருக்கப்பத்தான் ரெண்டு சொட்டு விட்டேன். தப்பாக்கா?"

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் இருக்கிறது, லைசோசைம் இருக்கிறது, சுரப்பு ஐ.ஜி.ஏ. இருக்கிறது; கண்ணீரில் இருக்கும் அதே காவல் புரதங்கள். தலைமுறை தலைமுறையாக அதைக் கண்ணில் விட்டவர்கள் எதையோ கண்டுதான் விட்டிருக்கிறார்கள். ஆனால் தோலிலிருந்தும் காற்றிலிருந்தும் கிருமி ஏறிய பால், கருவிழியில் புண் திறந்திருக்கும்போது ஆபத்து. அதைத்தான் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். என் தவறைப் பற்றியும் யோசித்தேன். நிமிடத்தை எழுதியிருந்தேன், மைக்ரோலிட்டரை எழுதியிருந்தேன், மருந்து விட்டீர்களா என்று கேட்டிருந்தேன். 'கண்ணில் வேறு எதையாவது விட்டீர்களா, எப்போது' என்று கேட்கவில்லை. அந்த மகளிடமும் கேட்கவில்லை. கேசின் பட்டை தனியாக நின்றிருக்காவிட்டால் அந்த லாக்டோஃபெரின் எண் எங்கள் அட்டவணையில் ஏறியிருக்கும். மனிதத் தாய்ப்பாலின் லாக்டோஃபெரினையும் மனிதக் கண்ணீரின் லாக்டோஃபெரினையும் எங்கள் கருவிகள் பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஒன்றே.

அன்றிலிருந்து எங்கள் கேள்வித்தாளின் முதல் வரி மாறியது. கேட்கத் தொடங்கிய பிறகுதான் எவ்வளவு வருகிறது என்று தெரிந்தது. நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால், மருந்துக்கடையில் வாங்கிய பெயர் தெரியாத சொட்டு. தூசியை நாக்கால் எடுத்துவிடும் பாட்டியிடம் போய்விட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களின் மாதிரியில் எச்சிலின் அமிலேஸ் இருக்குமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூஞ்சைக் கருவிழிப் புண் எங்கள் பக்கத்து விவசாயிகளின் நோய். மதுரை மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 1996இல் வெளியான கணக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்றது. நெல், கரும்பு, சோளத்தட்டை, மாட்டின் வால்முடி என ஏதாவது கீறிய இடத்தில் ஃபியுசேரியமோ அஸ்பர்ஜில்லஸோ என்ற பூஞ்சை குடியேறுகிறது. பாக்டீரியாப் புண்ணுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு வேறு மருந்து. பூஞ்சை எனத் தெரியாமல் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் சிவப்பு குறைந்து நன்றாவதைப்போல இருக்கும். உள்ளே பூஞ்சை ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். பூஞ்சை மருந்துகளில் நேட்டமைசினா, வோரிகோனசோலா எது சிறந்தது என்று தென்னிந்தியாவில் நடந்த பெரிய ஆய்வு 2013இல் நேட்டமைசினே மேல் என்று, குறிப்பாக ஃபியுசேரியத்துக்கு, தெளிவாகச் சொன்னது. மருந்து தெரியும். சரியான ஆளுக்குச் சரியான நாளில் அது போய்ச் சேர்வதுதான் சிக்கல்.

இன்று பூஞ்சையை உறுதிசெய்யக் கருவிழிப் புண்ணைச் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் இழைகளைத் தேடுகிறோம். நல்ல கண்ணும் நல்ல கையும் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வளர்ப்பு முடிவுக்குச் சில நாள் ஆகும். சுரண்டத் தெரிந்தவரும் நுண்ணோக்கி பார்க்கத் தெரிந்தவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை. அங்கே ஒரு சொட்டுக் கண்ணீரை வைத்துச் சொல்ல முடிந்தால்? மதுரை ஆய்வாளர்கள் பூஞ்சைப் புண் நோயாளிகளின் கண்ணீர்ப் புரதங்களை ஆரோக்கியமானவர்களின் கண்ணீரோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். அதன் பின்னும் தொடர்ந்தார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த மாதிரி வேலைகளே காரணம்.

என் அனுபவத்தில் சொல்வதானால், நோயாளியின் புரதங்களை மட்டும் வைத்துப் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் பிரிப்பது கடினம். இரண்டுக்கும் உடல் ஏறக்குறைய ஒரே கூக்குரலைத்தான் எழுப்புகிறது: அல்புமின் கசிகிறது, வெள்ளணுக்கள் தங்கள் துகள்களைக் கொட்டுகின்றன, நொதிகள் திசுவைக் கரைக்கின்றன. புண் எவ்வளவு தீவிரம், ஆறுகிறதா மோசமாகிறதா என்பதைக் கண்ணீர் நன்றாகவே சொல்லும். யார் குற்றவாளி என்பதற்கு அந்தப் பூஞ்சையின் சொந்தப் புரதத்தையே கண்ணீரில் பிடிக்க வேண்டும். நாங்கள் உழைத்துக்கொண்டிருப்பது அங்கேதான்.

மருத்துவர் மேசைவரை வந்து சேர்ந்த கண்ணீர்ப் புரதச் சோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எம்.எம்.பி.-9 என்ற நொதிக்கு ஒரு சிறு கருவி வந்திருக்கிறது. கீழிமைக்குள் மெல்லத் தொட்டு எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால், மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமுக்கு மேல் இருக்கும்போது சிவப்புக் கோடு தோன்றும். கண்ணின் மேற்பரப்பில் அழற்சி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது நல்ல விடை. எதனால் அழற்சி என்று அது சொல்லாது. உலர் கண்ணிலும் ஏறும், ஒவ்வாமையிலும் ஏறும், கருவிழி கூம்பாகும் நோயிலும் ஏறும். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளின் கருவிழி மெலிந்து கூம்பாவதில் இந்த நொதிக்குப் பங்குண்டு என்று 2005 முதலே சொல்லப்பட்டு வருகிறது. லாக்டோஃபெரினுக்கும் ஒவ்வாமையின் ஐ.ஜி.இ.க்கும் சோதனைகள் உண்டு. ஒரே புரதம் ஒரு நோயின் பெயரைச் சொல்லும் என்ற எதிர்பார்ப்பை நான் எப்போதோ விட்டுவிட்டேன். லாக்டோஃபெரின் தாழ்ந்து எம்.எம்.பி.-9 உயர்ந்தால் ஒரு கதை, லாக்டோஃபெரின் சரியாக இருந்து ஐ.ஜி.இ. உயர்ந்தால் வேறு கதை. நாடி பார்ப்பவர் ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை.

பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. 2006இல் ஜெர்மனியில் ஒரு குழு கண்ணீரில் 491 புரதங்களை அடையாளம் கண்டது. 2012இல் சிங்கப்பூர்க் கண் ஆய்வு நிறுவனத்தார் 1,543 என்றார்கள். மலைப்பாக இருக்கிறது; அவர்களுடைய உழைப்பை வணங்குகிறேன். ஆனால் கண்ணீரின் புரத எடையில் பெரும்பகுதி நாலைந்து புரதங்களுக்கே போய்விடுகிறது. மற்ற ஆயிரத்துச் சொச்சமும் தவிலும் நாதசுரமும் முழங்கும் வாசலில் ரகசியம் பேசுவதைப்போல. அந்த ரகசியத்தைக் கேட்கும் அளவுக்குக் கருவிகள் கூர்மையாகிவிட்டன. குழலைப் பிடிக்கும் கை அந்த அளவுக்குக் கூர்மையாகவில்லை. சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் பாதிப்பைக் கண்ணீரில் கண்டுபிடிக்கலாம் என்ற ஆய்வுகளை ஆசையோடு படிக்கிறேன். அப்போதும் நான் முதலில் தேடுவது, எப்படி எடுத்தார்கள், எத்தனை மணிக்கு, அந்த நோயாளிகளில் எத்தனை பேர் கண்ணழுத்தத்துக்குத் தினமும் சொட்டு விடுகிறவர்கள் என்பதைத்தான். அந்தச் சொட்டிலுள்ள பதப்படுத்தும் மருந்தே கண்ணீரை மாற்றிவிடும்.

எடுத்ததைக் காப்பதும் சிறிய வேலையல்ல. நீர்த்த புரதம் சாதாரணப் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென வரும் டியூபில், ஒவ்வொரு மைக்ரோலிட்டராகப் பங்கிட்டு, மைனஸ் 80 டிகிரியில் வைப்போம். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைப்பதில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போகும் இரவுகளில், ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டதா என்று பார்க்க எழுந்து போயிருக்கிறேன். ஒரு பெட்டிக்குள் நானூறு பேரின் கண்ணீர் இருக்கிறது. வயலை விட்டு, கூலியை விட்டு வந்து, நோய்க்கண்ணோடு அண்ணாந்து உட்கார்ந்து கொடுத்தவர்கள். அவர்களில் பலருக்கு இந்த ஆய்வால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறோம், படித்தும் காட்டுகிறோம். "அடுத்தவனுக்காவது ஆகட்டும்" என்று சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடுகிறார்கள்.

பெரியவரின் புண் ஃபியுசேரியம். மணிக்கொரு முறை நேட்டமைசின் விட்டு, ஐந்து வாரத்தில் ஆறியது. கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது. ஆறிய பிறகு ஒருமுறை இரண்டு கண்ணிலும் கண்ணீர் எடுத்தேன். வலக்கண்ணின் அல்புமின் பட்டை மெல்லிய கீற்றாக இறங்கியிருந்தது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வயல்வேலையிலோ வீட்டுவேலையிலோ கண்ணில் ஏதாவது பட்டு, ஒரு நாளுக்குள் உறுத்தல் நிற்காவிட்டால், எதையும் விடாமல் கண் மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துக்கடையில் சொட்டு கேட்காதீர்கள். ஏற்கெனவே எதையாவது விட்டிருந்தால், அது தாய்ப்பாலாக இருந்தாலும் பூச்சாறாக இருந்தாலும், எப்போது விட்டீர்கள் என்பதையும் சேர்த்துக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டோம்.